எல் போர்டும் ஈரத் துண்டும்

ஜனவரி 2, வியாழன்

இந்த டைரி உரக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயிகளுக்கு ஒரு யோசனை அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய யோசனை: 'விதைக்கும் முன் மண்ணைப் பரிசோதிக்கவும்.' எழுதும் முன் நான் என்னைப் பரிசோதித்துக்கொண்டேன். பெயர் நிறைமதி. ஊர் தாராபுரம். பிளஸ் ஒன். என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தவர்கள் குறைமதி என்பார்கள். அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறாள். அப்பா சென்னியப்பன், ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நாலாம் நம்பர் வேன் ஓட்டுகிறார். குசும்புக்கு வீட்டில் நான் மட்டுமே மொத்த வியாபாரி.

காலையில் வேனின் பின் கண்ணாடியில் 'இன்று முதல் இந்த வேன் பறக்கும்' என்று எழுதி ஒட்டினேன். எல்.கே.ஜி. ரித்விக் ஏறவே மாட்டேன் என்று அழுதானாம். அவன் அம்மா வந்து சமாதானம் செய்தபிறகு, ஏன் பறக்கவில்லை என்று அழுதானாம். சாயங்காலம் அப்பா என் காதைத் திருகினார். பாதித் திருகலில் சிரித்துவிட்டார்.

ஜனவரி 9, வியாழன்

அப்பாவுக்கு விபத்து.

வேனை ஷெட்டில் விட்டுவிட்டு மொபெட்டில் வந்துகொண்டிருந்தாராம். பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஒரு கார் இடது பக்கமாக முந்தி வந்து இடித்திருக்கிறது. இடித்தவனே காரில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறான். அரிசி மில்லுக்காரர் மகன். பெயர் தருண்பிரபு.

வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஒரே காலுக்கு எதற்கு இரண்டு என்று டாக்டரைக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

அப்பாவின் சட்டையைக் கத்தரித்து எறிந்துவிட்டார்களாம். துண்டை மட்டும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பையைத் திறந்து பார்த்தேன். மூடிவிட்டேன். அப்பா மயக்கத்தில் இருந்தார். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் மயக்கம்தான்.

ஜனவரி 10, வெள்ளி

துண்டைத் துவைத்தேன்.

ஜனவரி 11, சனி

துண்டை மறுபடியும் துவைத்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"ஒரு நாளும் தொவைக்காதவ ரெண்டு நாளாத் தொவைக்கற. மழ வரப்போவுதாட்ட இருக்குது."

சோப்புத் தீர்ந்துபோனதால் நிறுத்திக்கொண்டேன். காய்ந்ததும் பரண்மேல் போட்டேன். அங்கே இடம் இருந்தது, அதனால்தான்.

ஜனவரி 20, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தார். அப்பா இனி வேலைக்கு வர வேண்டாமாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'மது வாடை உள்ளது' என்று எழுதியிருக்கிறார்களாம். ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. மூக்கு சொன்னது, பேனா எழுதிக்கொண்டது. மில்லுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்: "அந்தாளு குடிச்சுப்போட்டு வந்து எம்பையன் வண்டில உழுந்துட்டான்."

அப்பா கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாந் தொட்டதே இல்ல கண்ணு. அந்த வாடை எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரீல."

"எனக்குத் தெரியும்ப்பா" என்று உடனே சொன்னேன். எவ்வளவு உடனே என்றால், அவர் 'தெரீல' என்று முடிப்பதற்கு முன்பே. பிறகு வேதியியல் வீட்டுப்பாடம் இருப்பது ஞாபகம் வந்து எழுந்துவிட்டேன். வேதியியல் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது வரலாற்றிலேயே முதல் முறை.

ஒரு நல்ல செய்தி. நாலாம் நம்பர் வேன் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தவர் அப்பா. வேலையிலிருந்து எடுத்தவர்களுக்கு அட்மினிலிருந்து எடுக்கத் தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அப்பா ஊன்றுகோலுடன் வெளி வாசலில் இருக்கும் கழிப்பறைவரை போய் வந்தார். நான் விசிலடித்து 'ரைட், ரைட்' சொன்னேன். தெருவில் எதிரே வந்த ரித்விக்கின் அம்மா, எங்களைப் பார்த்துவிட்டு எதிர் வரிசை வீட்டின் கோலத்தை ரசித்துக்கொண்டே போனார். அந்த வீட்டில் இன்று கோலம் போடவில்லை.

ஜூன் 11, புதன்

முதல் முறையாகக் கோர்ட்டைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் மாதிரிதான். பெயர் கூப்பிடுகிறார்கள், 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும், பேசினால் வெளியே அனுப்புவார்கள். வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிறவர் மருதாசலம் அண்ணன். ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை, கடைசி முறை இழுத்து. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் அதே குரலில் ஒரு வக்கீல் பெயரைக் கூப்பிட்டேன். வக்கீல் வாயில் வடையோடு உள்ளே ஓடினார். மருதாசலம் அண்ணன் திரும்பி வந்து என்னை மட்டும் பார்த்தார். இத்தனை பேர் இருக்க எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ.

"அம்மிணி, இந்தக் குசும்பெல்லாம் கேட்டுக்கு வெளிய வெச்சுக்கோணும்."

"இது திறந்த நீதிமன்றமுங்களாமா? போர்டு போட்டிருக்குதே. யாரு வேணாலும் வந்து உக்காரலாமுங்களா?"

"உக்காரலாம். வாயத்தான் தொறக்கக் கூடாது."

குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் 'எதிரி' என்கிறார்கள். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. எங்கள் எதிரி வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். நடுவர் குற்றச்சாட்டை வாசித்தார். கவனமில்லாமல் வேகமாக ஓட்டியது, அதனால் கொடுங்காயம் ஏற்படுத்தியது. "குற்றத்தை ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டார். அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவன் வக்கீல் "இல்லைங்கய்யா" என்றார். அவன் வாய் இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. நடிப்பு.

மற்றபடி ஒன்றும் கேட்கவில்லை. நடுவர் எதிரில் இருக்கும் தட்டச்சுக்காரருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசுகிறார். மீதியை மின்விசிறி தின்றுவிடுகிறது.

வெளியே அவன் கார் நின்றது. முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' போர்டு ஒட்டினேன். எல் என்றால் கற்றுக்குட்டி. உண்மையைத்தானே எழுதினேன்.

ஜூன் 18, புதன்

எதிரியின் வக்கீல் ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். சமரசமாகப் போய்விடலாமாம். வைத்தியச் செலவு முழுக்கத் தந்துவிடுவார்களாம். பையன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவனாம், தண்டனை என்று ஒரு வார்த்தை பதிவானால் அவன் வாழ்க்கை என்னாகும் என்று உருகினார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சமரசமாப் போனா, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?" என்றார்.

"அதெல்லாம் எதுக்குங்க? கேஸே இல்லீன்னு ஆயிரும்."

"கேஸ் இல்லீன்னு ஆயிரும். நாங் குடிகாரன்ங்கறது அப்படியே இருக்கும். அப்படித்தானுங்க?"

வக்கீல் ஆப்பிளைப் பார்த்தார். ஆப்பிள் யாரையும் பார்க்கவில்லை. அம்மா பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். நான் அதற்குள் ஒன்றை ஒளித்துவைத்திருந்தேன். சாட்சிப் பொருள்.

ஜூன் 27, வெள்ளி

அரசு வக்கீல் மங்கையர்க்கரசி மேடம் வரச் சொல்லியிருந்தார். நம் தரப்பில் வாதாடுகிறவர் அவர்தான். நாமாக வைக்கவில்லை, அரசாங்கம் வைத்தது. எந்த நேரமும் அவசரத்தில் இருப்பவர். கைப்பையில் பாதி சாப்பிட்ட தக்காளி சாதம் எப்போதும் உண்டு.

"ஒரு திருப்பம்" என்றார். "பையன் குற்ற ஒப்புதல் பேரத்துக்கு மனு போட்டிருக்கான்."

"பேரமுங்களா? நானென்ன கத்திரிக்காயா?" என்றார் அப்பா. இந்த நகைச்சுவையை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். முந்திக்கொண்டார், அதுவும் இடது பக்கமாக.

மேடம் சிரிக்காமல் விளக்கினார். "அவன் தப்பை ஒத்துக்கறான். அதுக்குப் பதிலா தண்டனையக் குறைக்கச் சொல்றான். ஆனா அவனும் கோர்ட்டும் மட்டும் பேசி முடிக்க முடியாது. நீங்க, நான், போலீஸ், அவன், அவன் வக்கீல், எல்லாரும் ஒரே மேசையில உக்காரணும். உங்களுக்கு என்ன வேணும்னு நீங்க சொல்லணும். ஒத்து வந்தாத் தீர்ப்பு. வரலீன்னா கேஸ் பழையபடி நடக்கும்."

"பழையபடி நடந்தா நாமதான ஜெயிப்போம்? பங்க் கேமரால எல்லாம் பதிவாயிருக்குதே" என்றேன்.

"இடிச்சது பதிவாயிருக்கு, ஜெயிச்சிரலாம். எத்தனை வருசமாகும்னு எனக்குத் தெரியாது. ஆனா கூண்டுல உங்கப்பாவ நிறுத்தி அந்த வக்கீல் திரும்பத் திரும்பக் கேப்பார், நீங்க குடிச்சிருந்தீங்கன்னு நான் சொல்றேன்னு. இவர் இல்லைன்னுதான் சொல்ல முடியும். கேமராவுல வாசம் பதிவாகாது பாரு."

நான் மேடத்தின் தக்காளி சாத டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொன்னு. பேரத்துக்காக அவன் சொல்றத வேற எந்த கேஸ்லயும் அவனுக்கு எதிரா எடுக்க முடியாது. அதனால சில பேர் அங்கதான் வாயத் தொறப்பாங்க."

ஜெயில் வேண்டும் என்றேன் நான். அப்பா வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

இன்றைய யோசனை: 'வேர் அழுகல் வெளியே தெரியாது. செடியைப் பிடுங்கிப் பார்க்கவும்.' உரக்கடைக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை.

ஜூலை 9, புதன்

இன்று நடுவர் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். போலீஸ், வக்கீல்கள், நாங்கள், மில்லுக்காரர் எல்லோரையும். எதிரி மட்டும் உள்ளே. அவன் தன் விருப்பத்தில்தான் ஒத்துக்கொள்கிறானா, யாராவது மிரட்டினார்களா என்று தனியாகக் கேட்பாராம். சட்டமே அப்படித்தானாம். பணக்காரன், ஏழை யாராயிருந்தாலும் அந்த அறையில் துணைக்கு ஆள் கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறைக்கு நான் எத்தனை முறை அப்படிப் போயிருக்கிறேன். எனக்கு அனுபவம் இருக்கிறது, அவனுக்குப் பாவம், புதிது. பாவம் என்று எழுதிவிட்டேன். அழிக்க ரப்பர் இல்லை.

மில்லுக்காரர் நடைபாதையில் இப்படியும் அப்படியும் நடந்தார். கடைசியில் என் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தார்.

"எங்க வண்டில எல் ஒட்டுனது நீதான?"

"எந்த எள்ளுங்க? கருப்பா வெள்ளையா?"

"லொள்ளு பேசாத. கிழிச்சு எறிடான்னா அந்தக் கிறுக்கன் அப்படியே ஓட்டீட்டுத் திரியறான். ஊரே சிரிக்குது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குச் சொல்லாமயே மனுவுல கையெழுத்துப் போட்டுட்டான். சமரசமாப் போறதுக்கு எல்லாஞ் செஞ்சு வெச்சிருந்தேன். இவனுக்கு யாரோ மருந்து வெச்சுட்டாங்க."

கார் வாசலில்தான் நின்றது. எல் போர்டு முன்னும் பின்னும் அப்படியே இருந்தது. மழையில் ஒரு ஓரம் பிரிந்ததைப் புது டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். எதற்கென்று தெரியவில்லை. சோம்பலில் கிழிக்காமல் விட்டிருந்தால் டேப் ஒட்ட மாட்டார்களே.

ஜூலை 23, புதன்

மேசைப் பேச்சு நடந்தது. நான் வழக்கில் சம்பந்தப்பட்டவள் இல்லையாம். எங்கப்பாவின் காலில் முதல் கட்டுக்கு மேல் மீசை வரைந்தவளே நான்தான், நான் சம்பந்தமில்லாதவளாம்! கதவைச் சாத்தினார்கள். சாவித்துவாரத்தில் காதை வைத்தேன். மருதாசலம் அண்ணன் என் பின்னல் நுனியைப் பிடித்து மெதுவாகப் பெஞ்சுக்குக் கூட்டி வந்தார்.

கதவு திறந்தபோது முதலில் எதிரி வந்தான். மூக்கு சிவந்திருந்தது. பின்னால், அப்பாவுக்குத் துணையாக உள்ளே போயிருந்த அம்மா. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். அப்பா கடைசியாக வந்தார். ஊன்றுகோலை மறந்து உள்ளேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"என்னப்பா சொன்னான்?"

"கையெழுத்தாயிருச்சு."

"அதில்லப்பா. உள்ள என்ன சொன்னான்?"

"ஆறாம் தேதி தீர்ப்பு வாசிப்பாங்க. வந்து கேட்டுக்க."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நாஞ் சொல்ல மாட்டேன் கண்ணு."

அம்மாவைப் பிடித்தேன். அப்பா சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறாராம். நான் ஒளித்துவைத்த ஆப்பிள் கதையைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பார்த்தேன். அது என்னுடைய குற்றம் என்பது பிறகுதான் உறைத்தது.

மேடத்திடம் ஓடினேன். "பதினெட்டு வயசாகட்டும், வக்கீலுக்குப் படி, அப்பறம் சொல்றேன்" என்றார். ஒன்று மட்டும் சொன்னார். ஜெயில் வேண்டாம் என்று சொன்னது அப்பாதானாம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு விஷயம் தீர்ப்பில் வர வேண்டும், அதைத் திறந்த கோர்ட்டில் சத்தமாக வாசிக்க வேண்டும்.

சத்தமாகவா? அந்த மின்விசிறிக்கு அடியிலா? காலி பெஞ்சுகளுக்கா?

சரி. அப்பா கேட்டது பாதி ஏற்பாடு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அப்பா தூங்கியபின் அவர் போனில் நாலாம் நம்பர் வேன் குழுவுக்கு அனுப்பியது:

'அன்புள்ள பெற்றோரே! உங்கள் பிள்ளைகளைச் சுமந்த வேனை ஓட்டியவர் குடிகாரரா? ஆறு மாதமாக ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறீர்கள். அரசாங்கத்தின் பதில் நாளை காலை பத்தரைக்கு, நம்மூர்க் கோர்ட்டில், நேரடியாக. அனுமதி இலவசம். சுண்டல் கிடையாது. போனை அணைக்கவும். இப்படிக்கு, இன்னும் அட்மின்.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்துவைத்தேன். பதில் எதுவாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. தெரியும். அதாவது, தெரியும் என்றுதான் முன்பே சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வந்தார்கள்! கோர்ட்டில் உட்கார இடமில்லை. பர்வீனின் அம்மா, ரித்விக்கின் அம்மா அப்பா இருவரும், மளிகைக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு, ஏழாம் வகுப்பு இரட்டையர்களின் தாத்தா மடக்கு நாற்காலியோடு. அப்பா அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கூரையில் மின்விசிறி. மருதாசலம் அண்ணனிடம் கெஞ்சினேன். "உன்ற தொல்ல தாங்கல" என்றார். ஆனால் எங்கள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டு வரும்போது அவர் தோள் சுவிட்சில் பட்டுவிட்டது. தோள்தான். நான் பார்த்தேன்.

நடுவர் நிமிர்ந்தார். "என்ன இத்தனை கூட்டம்? இன்னைக்கு என்ன பெரிய கேஸ்?"

மங்கையர்க்கரசி மேடம் எழுந்தார். "தீர்ப்பு கேக்க வந்திருக்காங்கய்யா. வேன் பிள்ளைங்களோட பெத்தவங்க."

நடுவர் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தட்டச்சுக்காரரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்து வாசித்தார். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அவருக்கே இன்றுதான் தெரிந்திருக்கும்.

நினைவிலிருந்து எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் தவறியிருக்காது. வேதியியல் சார் கவனிக்க.

'எதிரி இடது புறமாக முந்திச் சென்று மோதியதை ஒப்புக்கொள்கிறார். காயம்பட்ட சென்னியப்பனைத் தூக்கியபோது அவர்மீது எந்த வாடையும் இல்லை. அவரைக் காரின் பின் இருக்கையில் கிடத்தியபோது, நண்பர் வீட்டு விசேஷத்துக்காக எதிரி அங்கே வைத்திருந்த மதுப் பாட்டில் அவர் உடலுக்கடியில் உடைந்து, அவர் சட்டையிலும் துண்டிலும் கொட்டியது. மருத்துவமனையில் இதைச் சொல்லாமல் மறைத்ததையும் எதிரி ஒப்புக்கொள்கிறார். காயம்பட்டவர் மது அருந்தியிருந்தார் என்ற கூற்று உண்மையல்ல.'

அதன்பிறகு இழப்பீடு, நன்னடத்தைப் பிணையில் விடுதலை, மேல்முறையீடு கிடையாது என்று என்னென்னவோ வாசித்தார். எனக்குக் காதில் விழவில்லை. துண்டு என்று அவர் சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டேன். கண்ணில் தூசி. மின்விசிறியை நிறுத்தினால் இதுதான் பிரச்சினை.

வெளியே ரித்விக்கின் அம்மா அப்பாவின் முன்னால் வந்து நின்றார். இந்த முறை கோலம் எதையும் ரசிக்கவில்லை. "அண்ணா, நாங்க எல்லாரும் இங்கிருந்து நேரா ஸ்கூலுக்குத்தான் போறோம். நீங்களும் வர்றீங்களா?"

"நா எதுக்குங்க? நீங்க போய்ப் பேசுங்க. அவிங்க கூப்புடட்டும்" என்றார் அப்பா. என்ன ஒரு கெத்து!

கார் பக்கத்தில் எதிரி நின்றான். இனி அவனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. போர்டைக் கிழிக்கப் போனேன்.

"இருக்கட்டும்" என்றான்.

"நாந்தான் ஒட்டுனேன்."

"தெரியும். கார்ல கேமரா இருக்கு."

"அப்பறம் ஏன் கிழிக்கல?"

"சரியாத்தான ஒட்டீருந்த."

டேப்பின் ஓரத்தை விரலால் ஒரு முறை அழுத்திவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போனை நீட்டினேன். "அடிக்கட்டும், சட்னி ஆறிப்போயிரும்" என்றார். சட்னிக்கு எப்போது சூடு இருந்தது? மூன்றாம் முறை அடித்தபோது எடுத்தார். பேச்சு முடிவதற்குள்ளேயே அம்மா அவருடைய காக்கிச் சட்டைக்குப் பித்தான் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

கை கழுவிவிட்டு வந்து, "பரண்மேல இருக்கற துண்ட எடுத்துட்டு வா கண்ணு" என்றார்.

"எந்தத் துண்டுங்கப்பா?"

"ஆஸ்பத்திரில நீ மோந்து பாத்தியே, அந்தத் துண்டு."

காலித் தட்டை எடுத்து, அதே இடத்தில் வைத்தேன். சிலேடை எதுவும் கைவசம் இல்லை.

"மயக்கத்துல இருந்தீங்க" என்றேன் கடைசியில்.

"பாதி மயக்கம்." அப்பா என்னைப் பார்க்காமல் சட்டையை உதறினார். "அந்தப் பையன் ஒத்துக்கிட்ட அன்னிக்கே நாஞ் சொல்லீருந்தா நீ நம்பீருப்ப. சொன்னது அப்பன்ங்கறதுக்காவ நம்பீருப்ப. எனக்கு அது வேண்டாம். அதான் அந்தப் பையங்கிட்ட வேற எதையும் கேக்கல. எம்புள்ள காதுல உழுகற மாதிரி வாசிக்கோணும்னு மட்டும் கேட்டேன். நீ என்னடான்னா ஊரையே கூட்டீட்டு வந்துட்ட."

பரணில் ஏறித் துண்டை எடுத்தேன். நிறைய நேரம் எடுத்தேன். அங்கே தூசி அதிகம்.

அப்பா அதை ஒரு முறை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சோப்பு வாசம் அடித்தது. நான் முகர்ந்து பார்க்கவில்லை. அதுவாக வந்தது.